கணக்குப் பட்டமும் ஒரு தமிழ்ப் பேப்பரும்

"ஓரெட்டு எட்டு... ஈரெட்டு பதினாறு... மூவெட்டு இருபத்திநாலு..."

கோவில்பத்தில் எங்கள் தெருவுக்கு மாலை வருவதே இந்தச் சத்தத்தோடுதான். பக்கத்து வீட்டு மாடியில் ஜுலைகாவின் டியூஷன். பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தால் எங்கள் வீட்டுக் குக்கர்கூட அந்தத் தாளத்தில்தான் விசில் அடிக்கும். பழகிவிட்டது. காதில் விழும், மனதில் விழாது.

சித்திரை வெயிலில் ஒரு நாள் விழுந்தது.

மெட்டு அதே மெட்டுதான். அதே இழுவை, வரி முடிவில் அதே குட்டித் துள்ளல். ஆனால் சொற்கள்?

"நேர் நேர் தேமா... நிரை நேர் புளிமா... நிரை நிரை கருவிளம்..."

கையிலிருந்த டீ டம்ளரை அப்படியே வைத்துவிட்டேன். என் கல்லூரித் தமிழ் வகுப்பு எழுந்து வந்துவிட்டது. மதியப் புழுக்கம். மேசையை மோதிர விரலால் தட்டித் தட்டிச் சீர் பிரிக்கும் தமிழய்யா. முன் பெஞ்சில் யாரோ பாதி சாப்பிட்டு மூடிய எலுமிச்சை சாதத்தின் வாசனை. தேமா, புளிமா என்று சொல்லச் சொல்ல வாயில் எச்சில் ஊறும். ஒரு மெட்டுக்குள் இத்தனையையுமா மடித்து வைத்திருந்தேன்?

இன்னொன்றும் உறைத்தது. அது பிள்ளைகளின் குரல் அல்ல. ஒற்றைக் குரல். ஜுலைகாவின் குரல்.

கணக்கு டீச்சர் எதற்காக யாப்பு படிக்கிறார்? ஓரிடத்தில் உட்கார முடியாத சுபாவம் எனக்கு. கேள்வி வேறு வந்துவிட்டால் கேட்கவா வேண்டும்? செருப்பை மாட்டிக்கொண்டு மாடியேறிவிட்டேன்.

ஜுலைகாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. கணவர் சிராஜுதீன் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். மகள் நஸ்ரின் பி.காம். முதல் வருடம் – வாய் மட்டும் முனைவர் பட்டம் வாங்கியது. எங்கள் பக்கம் கணக்கில் தடுமாறும் பிள்ளைகளுக்கெல்லாம் கடைசிப் புகலிடம் ஜுலைகாதான். அவரிடம் ஒரே ஒரு சிக்கல். பேசமாட்டார். பேசமாட்டார் என்றால் ஊமை இல்லை... கேட்டதற்கு மட்டும் பதில். அதுவும் இரண்டு மார்க் கேள்விக்கு எழுதுகிற மாதிரி.

"என்ன ஜுலைகா, தமிழ் டியூஷனும் ஆரம்பிச்சாச்சா?"

"இல்லக்கா. பரீட்சை."

"யாருக்கு?"

"எனக்கு."

அவ்வளவுதான். மீதியை நஸ்ரின்தான் சொன்னாள். "ஆன்ட்டி, உம்மாகிட்ட நீங்க கேள்வி கேட்டுக் கேட்டு வாங்குறதுக்குள்ள மஃரிப் தொழுகை நேரமே வந்துரும். நான் சொல்றேன், உக்காருங்க."

விஷயம் இதுதான். ஜுலைகா இருபது வருடங்களுக்கு முன்னால் பி.எஸ்சி. கணிதம் படித்தவர். கால்குலஸ், அல்ஜீப்ரா, ரியல் அனாலிசிஸ், காம்ப்ளக்ஸ் அனாலிசிஸ் – கணக்குப் பேப்பர் ஒன்றுகூட விடாமல் முதல் முயற்சியிலேயே தேறியவர். அலைட் பாடமாக இயற்பியல், அதிலும் தேறியாகிவிட்டது. ஆனால் பட்டம் இல்லை.

ஒரே ஒரு அரியர். தமிழ்!

நம்ப முடிகிறதா? நான் நம்பவில்லை. நஸ்ரின் சத்தியம் செய்தாள்.

காரைக்காலில் இந்தக் கதை அப்படியொன்றும் அதிசயம் இல்லை. இங்கே பள்ளிக்கூடத்தில் மொழிப்பாடமாக பிரெஞ்சு எடுக்கிற வழக்கம் உண்டு. பிரெஞ்சு எடுத்தால் மார்க் கொட்டும், மொத்தம் ஏறும் என்று வீட்டுக்கு வீடு ஒரு கணக்கு. ஜுலைகாவின் வாப்பாவும் அந்தக் கணக்கைப் போட்டார். பெண் பிரெஞ்சில் அள்ளினாள். கல்லூரிக்குப் போனால், அந்த வருடம் பிரெஞ்சுக்குப் போதுமான ஆள் சேரவில்லை. வகுப்பே நடக்கவில்லை. 'தமிழ் எடுத்துக்கம்மா, நம்ம பாஷைதானே' என்று தள்ளிவிட்டார்கள். நம்ம பாஷைதான்... பேச. எழுத? சின்ன வகுப்போடு தமிழை விட்ட பெண்ணை நேராகச் செய்யுள் நயத்தில் கொண்டுபோய் இறக்கினால்?

முதல் தடவை போயிற்று. இரண்டாம் தடவையும் போயிற்று. பிறகு கல்யாணம், ஷார்ஜா, நஸ்ரின், திரும்பி வருதல். இடையில் அரியர் எழுதும் காலக்கெடுவும் முடிந்துபோனது. இப்போது, பழைய பாக்கி வைத்திருப்பவர்களுக்குக் கடைசி வாய்ப்பு என்று பல்கலைக்கழகம் அறிவித்திருக்கிறது. ஒரு தடவைதான். இதை விட்டால் இனி இல்லை.

"இப்ப எதுக்கு ஜுலைகா? டியூஷன்தான் நல்லாப் போகுதே?"

"பக்கத்து ஸ்கூல்ல கணக்கு டீச்சர் வேணுமாம்க்கா."

"சரி, போகவேண்டியதுதானே?"

"சட்டப்படி நான் பிளஸ் டூ."

சொல்லிவிட்டு வாய்ப்பாடு அட்டையை அடுக்க ஆரம்பித்தார். நான்கே சொற்கள். ஆனால் முகம் வேறு எதையோ சொன்னது. அந்தப் பள்ளியில் கணக்கில் முதல் மார்க் வாங்குகிற பிள்ளைகளில் பாதிப்பேர் இந்த மாடியில் படித்தவர்கள். நஸ்ரின் அங்கே படித்தபோது பெற்றோர் கூட்டத்துக்கு அந்தப் பள்ளிக்குள் போனவர்தான், பாடம் நடத்தப் போகமுடியாது. தலைமையாசிரியை நல்லவர். "ஜூலை முடியிற வரைக்கும் யாரையும் போடாம வச்சிருக்கேன். டிகிரியோட வாங்க" என்று சொல்லியிருக்கிறார்.

"அக்கா, நீங்க தமிழ்ல எழுதுறவங்க..." என்று ஜுலைகா ஆரம்பித்தார். முடிக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை அது முழு வாக்கியம்.

அன்றிரவு எனக்கு ஓர் அரிப்பு. கணக்குப் பட்டத்துக்கு என்னதான் தேவை? போனில் பல்கலைக்கழக விதிமுறைக் கையேட்டை இறக்கிப் படித்தேன். முதல் பகுதி மொழி. இரண்டாவது ஆங்கிலம். அப்புறம்தான் கணக்கு. அதன் பிறகு சுற்றுச்சூழல், விழுமியக் கல்வி, கணினி, விளையாட்டு அல்லது சமூக சேவை. வருகைப் பதிவு இவ்வளவு, கிரெடிட் இவ்வளவு. பாதி தேவைகள் கணக்கே இல்லை! கணக்கில் பட்டம் வாங்குகிறவர் மரம் நட வேண்டும், ஆய்வகத்தில் ஸ்க்ரூகேஜ் திருக வேண்டும், செய்யுள் நயம் பாராட்ட வேண்டும். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் யோசித்தேன் – இதையெல்லாம் எழுதி வைத்தவர் யாரோ ஒருத்தர், இப்படி ஒரு முழு ஆளை எங்கோ மனதில் பார்த்திருக்கிறார், இல்லையா?

மறுநாள் வகுப்பு ஆரம்பம்.

யாப்பு அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அசை பிரிப்பது பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. வந்ததும் வீட்டையே அலகிட ஆரம்பித்துவிட்டார்கள், தாயும் மகளும்.

"நஸ்–ரின். நேர் நேர். நான் தேமா! உம்மா, நீங்க?"

"ஜுலை–கா. நிரை நேர்."

"புளிமா! எனக்கு அப்பவே தெரியும். ஆன்ட்டி, வாப்பா?"

சிராஜுதீன் கருவிளம். காரைக்கால் தேமாங்காய். தருமபுரமும் குரும்பகரமும் ஒரே கருவிளங்காய். ஒன்று டவுனை ஒட்டிய வீடுகள், இன்னொன்று வயல். யாப்புக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரிவதில்லை. எங்கள் கோவில்பத்துக்கு நாலசை. தேமாந்தண்பூ! பஸ்ஸில் கண்டக்டர் 'கோயில்பத்து எறங்கு' என்று விரட்டும்போது, பூவிலேயா இறங்குகிறோம் என்று எனக்கு இப்போதெல்லாம் சிரிப்பு வருகிறது.

ஜுலைகா பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்: "ரெண்டு அசைக்கு நாலு. மூணுக்கு எட்டு. நாலுக்குப் பதினாறு. அஞ்சுக்கு முப்பத்திரண்டு வரணும். ஏன் நிறுத்திட்டாங்க?"

இத்தனை வருடம் தமிழில் எழுதுகிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

"மூச்சு போதாதோ என்னவோ..."

"நிரூபணம்?"

"இல்ல. சும்மா சொன்னேன்."

"அப்ப தெரியலன்னு எழுதிக்கிறேன்" என்றார், வெகு சாதாரணமாக.

ஆக, இலக்கணம் தேறியது. ஆனால் அது சின்ன மார்க். பெரிய மார்க் நயம் பாராட்டுதலுக்கும் கட்டுரைக்கும். அங்கேதான் வண்டி பள்ளத்தில் இறங்கியது. பயிற்சிக்காக நானே மூன்று வரி எழுதிக் கொடுத்தேன்.

*ஆறு கடலைச் சேரும் இடத்தில்*
*ஒரு படகு நிற்கிறது –*
*எந்தத் தண்ணீரில் நிற்கிறோம் என்று கேட்காமல்.*

அரசலாற்று முகத்துவாரத்தில் ஒரு நாள் காலையில் பார்த்தது. 'இதன் நயத்தைப் பாராட்டி எழுதுக. பத்து மதிப்பெண்' என்றேன்.

டம்ளரில் டீ ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டார். அப்படியே தருகிறேன்:

'படகு முகத்துவாரத்தில் நிற்கிறது. அங்கே ஆற்றுநீரும் கடல்நீரும் கலந்திருக்கும். எனவே கேட்கத் தேவையில்லை.'

படித்துவிட்டு நிமிர்ந்தேன். ஜுலைகா நிம்மதியாக உட்கார்ந்திருந்தார், கணக்கு விடை வந்துவிட்டவரைப் போல.

"நயம் எங்க ஜுலைகா?"

"அதான் எழுதிட்டேனே."

"மூணு வரி கவிதைக்கு மூணு வரி விடையா?"

"அதிகமா இருக்கா?"

நஸ்ரின் தரையில் உருண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் எப்படித் தமிழில் தோற்றார் என்பது எனக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது. தமிழ் தெரியாமல் தோற்கவில்லை. கணக்கின் கை அது. விடை வந்தவுடன் கோடு போட்டு முடித்துவிடுகிற கை. தமிழ் விடைத்தாளைத் திருத்துகிறவருக்கோ பக்கம் வேண்டும். பத்து மார்க் இடத்தில் மூன்று வரி கிடந்தால் என்ன போடுவார்?

எனக்குத் தெரிந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தேன். "முதல்ல முன்னுரை எழுதணும். கவிஞரைப் பத்தி நாலு வரி."

"கவிஞர் யாரு?"

"நான்தான்."

"உங்கள எனக்குத் தெரியுமே. அத எதுக்கு எழுதணும்?"

"அப்புறம் மையக்கருத்து. அதையே வேற வார்த்தைல விளக்கணும். கடைசில முடிவுரைல திரும்பவும்..."

"சொன்னதையேவா?"

"ஆமா."

"ஒரே விஷயத்த மூணு தடவ சொன்னா... நமக்கே சந்தேகம்னு ஆயிடாதாக்கா?"

வாரம் தவறாமல் இந்தப் பக்கத்தை நிரப்புகிற எனக்கு அது எங்கே போய்த் தைத்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து, அந்த வாரத்துக்கு எழுதி வைத்திருந்ததை எடுத்து அடைமொழிகளை அடித்துத் தள்ளினேன். பத்தி மெலிந்துவிட்டது. பத்திரிகை ஆசிரியர் போன் செய்து "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்!

இப்படியே இரண்டு வாரம் போயிற்று. நான் இழுக்க, அவர் சுருக்க. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சிராஜுதீன் வீடியோ காலில் வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"எப்படி இருக்கே?"

"நல்லாருக்கேன் மச்சான்."

"வீட்ல?"

"நல்லாருக்கோம்."

"படிப்பு?"

"போகுது."

"அக்கா, பாருங்க" என்று அவர் திரையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். "வாரம் முழுக்க இந்தக் காலுக்குத்தான் காத்திருக்கேன். இவ தந்தி அடிக்கிற மாதிரி பேசுறா. பரீட்சைக்கு நாலு பக்கம் எழுத வச்சிட்டீங்கன்னா, எனக்கு நாலு வார்த்தை கூடக் கெடைக்கும். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

எல்லோரும் சிரித்தோம். ஜுலைகாவும் சிரித்தார். போன் அணைந்ததும் அந்த முகம் கொஞ்ச நேரம் வாடிக் கிடந்தது.

பேச்சை மாற்றத்தான் கேட்டேன். உண்மையில் தெரிந்துகொள்ளவும் ஆசை. "ஜுலைகா, ரியல் அனாலிசிஸ்னு ஒரு பேப்பர் இருக்கே... அது என்ன?"

கண்ணில் விளக்குப் போட்டதுபோல ஒரு வெளிச்சம். "ஒரு கோடு இருக்குல்லக்கா? அதுல ஓட்டையே இல்லன்னு நிரூபிக்கிறது."

"அதுக்கு ஒரு பேப்பரா?"

"ஓட்டை இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பார்த்தாலே தெரியுதே!"

"அதான். பார்த்தாலே தெரியுதேன்னா மார்க் கிடையாது." குரல் ஏறியது. ஜுலைகா ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "கண்ணுக்கு நேர்கோடுதான். ஆனா எண்ணு எண்ணா வச்சுப் பார்த்தா, பின்னம் மட்டும் வச்சா அங்கங்க ஓட்டை. ரூட் டூ இருக்க வேண்டிய எடம் காலி. பக்கத்துல எவ்வளவு வேணும்னாலும் நெருங்கலாம், ஆனா அங்க யாரும் இல்ல. அந்த எடத்தையெல்லாம் அடைச்சாச்சா, இனிமே சொட்டு ஒழுகாதான்னு பார்க்கணும். எங்க மேடம் சொல்லுவாங்க – பரீட்சைல 'தெளிவாக'ன்னு ஒரு வார்த்தை எழுதினீங்கன்னா, அங்கதான் உங்களுக்குத் தெரியலன்னு அர்த்தம். அத எழுதின எடத்துல மார்க்க வெட்டுவேன்னு."

நான் எழுந்து நின்றுவிட்டேன். உட்கார முடியவில்லை.

"ஜுலைகா, முகத்துவாரத்துல ரெண்டு தண்ணியும் கலந்திருக்கும்னு எழுதினீங்களே. அது எப்படித் தெரியும்?"

"பார்த்தாலே தெரியுதேக்..."

பாதியில் நின்றது. 'கா' வரவில்லை.

நஸ்ரின் கைதட்டினாள். "மாட்டிக்கிட்டீங்களா உம்மா!"

அன்றைக்குத்தான் எங்களுக்கு வழி கிடைத்தது. முன்னுரையும் வேண்டாம், முடிவுரையும் வேண்டாம். எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் உட்கார்ந்து நஸ்ரின் "ஏன்?" என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில்தான் அடுத்த வரி. பதில் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதலாம். இந்த வேலைக்கு நஸ்ரினைவிடப் பொருத்தமான ஆள் காரைக்கால் மாவட்டத்தில் கிடையாது.

"படகு ஏன் நிக்குது?"

"கடலுக்குப் போகல."

"ஏன் போகல?"

"மீன்பிடித் தடைக்காலம். இப்ப யாரும் போக முடியாது."

"அப்ப வீட்டுக்குப் போகவேண்டியதுதானே? ஆத்துக்குள்ள ஏன் வரல?"

"வந்தா... கடலுக்குத் திரும்ப முடியாதோன்னு."

"அப்ப ஏன் தண்ணியக் கேக்கல?"

ஜுலைகா குனிந்து எழுத ஆரம்பித்தார். நிறுத்தவில்லை. நஸ்ரின் "ஏன்?" என்று கேட்பதை விட்டுவிட்டாள். கடைசியில் தாளை என்னிடம் நீட்டினார். முழுவதும் இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. கடைசி வரிகளை மட்டும் அவரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்:

'என் கணவர் ஷார்ஜாவில் இருக்கிறார். மனம் காரைக்காலில் இருக்கிறது. அவர் எந்தத் தண்ணீரில் நிற்கிறார் என்று இத்தனை வருடத்தில் நான் கேட்டதில்லை. பார்த்தாலே தெரியும் என்று நினைத்திருந்தேன். அது நிரூபணம் ஆகாது.'

தாளைத் திருப்பிக் கொடுத்தேன். டீ குடித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் அங்கே இல்லை. நஸ்ரின் வந்து சொன்னதுதான். "ஆன்ட்டி, உம்மா நேத்து வாப்பாகிட்ட, 'அங்க எப்படி இருக்கீங்க மச்சான்? நல்லாருக்கேன்னு சொன்னா மார்க் கிடையாது'ன்னாங்க. வாப்பா ஆரம்பிச்சாங்க பாருங்க... ரூம்ல கூட இருக்கவர் குறட்டைலேருந்து, அங்க கெடைக்கிற வாளைமீன் நம்ம மார்க்கெட் மாதிரி இல்லங்கிற வரைக்கும். நான் தூங்கிட்டேன். அவங்க பேசிட்டே இருந்தாங்க."

பரீட்சை நாள் வந்தது. கல்லூரி வாசலில் நானும் நஸ்ரினும் ஜுலைகாவைக் கொண்டுபோய் விட்டோம். வாட்ச்மேன் கையை நீட்டி மறித்தார். "பேரன்ட்ஸெல்லாம் கேட்டுக்கு வெளில நில்லுங்கம்மா. ஸ்டூடன்ட் மட்டும் உள்ள போ பாப்பா."

"அண்ணே, இவங்கதான் ஸ்டூடன்ட்" என்றாள் நஸ்ரின். "நான் பேரன்ட்."

அவர் ஹால் டிக்கெட்டைப் பார்த்தார், ஜுலைகாவைப் பார்த்தார். "போங்கம்மா, நல்லா எழுதுங்க" என்று வழிவிட்டார். உள்ளே போகிறவர்களைக் கவனித்தேன். நரை எட்டிப் பார்க்கும் தலைகள். ஒருவர் கையில் மூக்குக் கண்ணாடிக் கூடு. ஒருவர் கைக்குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு ஓடினார். எல்லோருக்கும் ஏதோ ஒரு பேப்பர் பாக்கி. ஒரு முழுப் பட்டத்தின் நடுவே ஏதோ ஒரு ஓட்டை.

மூன்று மணி நேரம் வேப்பமரத்தடியில் நான் நடந்த நடைக்கு நாகூரே போய்வந்திருக்கலாம். நஸ்ரின் துவா செய்துகொண்டிருந்தாள், நடுநடுவே இன்ஸ்டாகிராமும் பார்த்துக்கொண்டு.

ஜுலைகா கடைசி ஆளாக வெளியே வந்தார். விரலெல்லாம் மை.

"எப்படி உம்மா?"

"அடிஷனல் ஷீட் வாங்கினேன்."

நஸ்ரின் தெருவென்றும் பார்க்காமல் குதித்தாள். "ஏன்? ஏன்? ஏன்?" என்று சொல்லிக்கொண்டே ஜுலைகா மகளின் தலையில் ஒரு செல்லக் குட்டு வைத்தார். "உள்ளயும் இவ சத்தம்தான்க்கா காதுல. ஒரு வரி எழுதிட்டு நிமிர்ந்தா, 'ஏன்'ங்குறா. இம்சை."

போன வாரம் முடிவு வந்தது. மார்க் ஒன்றும் தம்பட்டம் அடிக்கிற மாதிரி இல்லை. தேர்ச்சிக்கு வேண்டியதற்குக் கொஞ்சம் மேலே. ஆனால் தேர்ச்சி. நஸ்ரின் போனை எடுத்துக்கொண்டு தெரு முழுக்க ஓடினாள். சிராஜுதீன் கால் செய்து, பேச வந்ததை மறந்து "அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். அன்றைக்கு இரண்டு மார்க் பதில் அவருடையது!

தலைமையாசிரியை சொன்ன ஜூலை இன்னும் முடியவில்லை. பல்கலைக்கழகத்துக்கு நேரில் போய்த் தற்காலிகச் சான்றிதழை வாங்கிவந்தால் அடுத்த வாரமே பாடம் நடத்தப் போகலாம். நேற்றுக் காலை ஜுலைகாவைப் புதுச்சேரி பஸ் ஏற்றிவிட நிலையத்துக்குப் போயிருந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் கைப்பை, அதன்மேல் இரண்டு கைகளும்.

வழக்கம்போல என் கேள்வியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். "ஜுலைகா, அந்தக் கையேட்ட முழுசாப் படிச்சுட்டேன். மொழி வேணும், வருகைப் பதிவு வேணும், கிரெடிட் வேணும்னு எல்லாம் போட்டிருக்கு. பக்கத்துல உக்காந்து 'ஏன்'னு கேக்க ஒரு ஆள் வேணும்னு எங்கயுமே போடலியே?"

ஜுலைகா யோசித்தார். "பார்த்தாலே தெரியும்னு விட்டிருப்பாங்க."

டிரைவர் ஏறினார். என்ஜின் உறுமியது. கண்டக்டர் விசில் ஊத, பஸ் மெல்ல நகர்ந்தது. நான் கூடவே நடந்தேன்.

"போயிட்டு வந்து எல்லாத்தையும் சொல்லணும், ஆமா!"

ஜுலைகா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"சொல்றேன்க்கா. ரெண்டு மார்க்குக்கா, பத்து மார்க்குக்கா?"

"பத்து!" என்று கத்தினேன். "அடிஷனல் ஷீட்டோட!"